இரண்டு கை கல்லுப்பு

என் தங்கையின் புருஷனை மெட்ராஸ் பக்கம் இருங்காட்டுக்கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் எங்கள் ஊர். அவனும் நானும் ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம், இரண்டு பேர் அப்பாவுக்கும் கடல்தான் பிழைப்பு. கல்யாணத்துக்குப் பிறகு நான் அவனுக்கு மச்சான், அவன் எனக்கு மாப்ள. "கடல்ல கெடந்து என்னத்துக்குச் சாவணும், வா மாப்ள, அங்க நெழல்ல நின்னு வேலை" என்று சொல்லி ரயில் ஏற்றினேன். நிழலாம் நிழல்! என் வாயில் கொள்ளியை வைக்க.

கார் கம்பெனிக்கு பிராக்கெட் அடித்துக் கொடுக்கிற ஒரு ஷெட்டில் வேலை. தகரக் கூரை, உள்ளே வரிசையாக பவர் பிரஸ். தகட்டை உள்ளே வைத்துவிட்டு இரண்டு பட்டனையும் இரண்டு கையால் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே மாட்டாது, அதற்காகத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அப்படி நியாயமாக அடித்துக்கொண்டிருந்தால் டார்கெட்டில் பாதிகூட எட்டாது. அதனால் பழைய சைக்கிள் டியூபைக் கீற்றாக வெட்டி, ஒரு பட்டனை அமுக்கிய வாக்கில் கட்டிப்போட்டுவிடுவோம். இடது கை பட்டனில், வலது கை தகட்டில். எல்லாரும் அப்படித்தான். சூப்பர்வைசர் பார்ப்பார், பார்க்காத மாதிரி போவார். ஆடிட்டுக்கு ஆள் வருகிறது என்றால் மட்டும், "டியூபக் கழட்டுங்கடா!" என்று கேட்டிலிருந்தே சத்தம் வரும்.

மாப்ளயின் மெஷினில் டியூப் கட்டிக் கொடுத்ததும் நான்தான். அவன் முதல் வாரம் முழுக்க இரண்டு கையால் அடித்து, எல்லாரிடமும் ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தான். "ரொம்ப நல்லவன் கணக்கா நடிக்காத" என்று கிண்டல் பண்ணிவிட்டு இறுக்கி முடிச்சுப் போட்டேன்.

அது நடந்தது காலை ஷிஃப்டில், டீ முடிந்த கொஞ்ச நேரத்தில். எனக்கு அடுத்த மெஷின் அவனுடையது. அவன் கத்தவே இல்லை. "மச்சான், இங்க பாரேன்" என்றான், ஏதோ பீஸ் தப்பாக வந்துவிட்ட மாதிரி. திரும்பினால் வலது கையை இடது கையால் பொத்திக்கொண்டு நிற்கிறான், முழங்கை வழியாக ரத்தம் சொட்டுகிறது. மெஷினுக்குள் எட்டிப் பார்த்தேன். வெட்டுகிற டை அது, கத்தி மாதிரி. அவனுடைய கட்டைவிரல் தகட்டின் மேல் தனியாகக் கிடந்தது, நகத்தில் கிரீஸ் அழுக்கோடு.

மாதாவே! அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருத்தன் என் தோளைப் பிடித்து உலுக்கி, "விரலை எடுத்துக்கடா, இப்பல்லாம் ஒட்ட வைக்கிறாங்களாம்" என்றான். ஒட்ட வைக்கிறார்களா? அந்த ஒரு வார்த்தை போதும். என் டிபன் டப்பாவிலிருந்த புளிச்சோற்றை அங்கேயே கொட்டினேன். விரலை எடுத்து உள்ளே வைத்தேன். இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.

மனுஷனுடைய விரலை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. மீனை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். கரைக்கு வந்த மீனை நொறுக்கிய ஐஸில் புதைக்க வேண்டும், மேலே கல்லுப்பைத் தூவ வேண்டும். உப்புப் பட்டால் ஐஸின் குளிர்ச்சி கூடும், மீன் கல்லு மாதிரி விறைத்து அப்படியே நிற்கும். சின்ன வயதிலிருந்து செய்த வேலை, கை தானாகச் செய்யும். வாசலில் சர்பத் கடைக்காரரிடம் ஐஸை வாங்கி டப்பாவை நிரப்பினேன். பக்கத்து இட்லிக் கடை ஜாடியில் கைவிட்டு ஒரு கை கல்லுப்பு அள்ளித் தூவினேன். வழிக்கு என்று இன்னொரு கை உப்பைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். அவ்வளவு பயத்திலும், ஆகா, எவ்வளவு யோசனையாகச் செய்கிறோம் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு வேறு. த்தூ.

பீஸ் ஏற்றிப் போகிற வேன் நின்றிருந்தது. டிரைவர் பக்கத்துப் பிள்ளைப்பாக்கத்துக்காரர், கம்பெனிக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு வண்டி எடுத்தவர். "இன்னாண்ணா பாத்துகினு கீற, ஏறு, ஏறு!" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தார். மாப்ளயின் கையில் நாலைந்து பனியனைச் சுற்றியிருந்தோம். எல்லாம் சிவந்துகொண்டே வந்தது.

முதலில் பக்கத்தில் இருந்த ஆஸ்பத்திரி. நர்ஸம்மா நல்ல மாதிரி, ஓடி வந்து கட்டுப்போட்டு ஊசி போட்டார். "ஆபரேஷன் பண்ற டாக்டர் நாளைக்குத்தாம்பா வருவாரு. இங்க நிக்காதீங்க, மெட்ராசுக்குப் போயிடுங்க" என்றார். மெட்ராசா? இதுக்கா? வழியிலேயே ரோட்டோரம் பெரிய போர்டு போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே இறங்கினோம். பெஞ்சில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தோம், உட்கார்ந்தோம், உட்கார்ந்துகொண்டே இருந்தோம். கம்பெனியிலிருந்து யார் வருகிறார்கள், இ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று கேட்டார்கள். நாங்கள் கான்ட்ராக்ட் ஆள், எங்களுக்கு ஏது கார்டு? கடைசியில் ஒரு டாக்டர் வந்து கையைப் பார்த்தார். "ஒட்டுற வேலையெல்லாம் இங்க கிடையாது. முனையைச் சரிபண்ணித் தைச்சு மூடிடுறேன். கையெழுத்துப் போடு" என்றார்.

பேப்பரை வாங்கினேன். மூடிவிட்டால் மூடியதுதானே? மாப்ள என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான், வேண்டாம் என்று. அவனுக்கு உதடெல்லாம் வெளுத்திருந்தது. வலது கைக் கட்டைவிரல் இல்லாமல் வலையை எப்படிப் பிடிப்பான், ஸ்பானரை எப்படிப் பிடிப்பான், நாளைக்கு என் தங்கைக்குப் பிள்ளை பிறந்தால் எப்படித் தூக்குவான்? பேப்பரை மேசையிலேயே வைத்துவிட்டு, மெட்ராசுக்கே போவோம் என்று அவனை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

அதுவரை இரண்டு இடத்திலும் கையைத்தான் பார்த்தார்கள். ஒருத்தராவது அந்த டப்பாவைத் திறந்து பார்க்கவில்லை.

அப்போதுதான் பெங்களூர் ரோட்டை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். பாதி ரோடு தோண்டிக் கிடந்தது, மீதிப் பாதியில் லாரி மேல் லாரி. செம்பரம்பாக்கம் ஏரிக்கரை பக்கம் வண்டி அசையாமல் நின்றுவிட்டது. டிரைவர் ஹாரனைக் கையெடுக்காமல் அடித்தார், யார் காதில் விழுகிறது? வெயில் வேனைப் பொசுக்கியது. டப்பாவைத் திறந்தால் ஐஸ் பாதி தண்ணீர். குதித்து ஓடி, ஒரு கூல்டிரிங்க்ஸ் கடையில் ஐஸை வாங்கி வந்து அமுக்கினேன். கைக்குட்டையை அவிழ்த்து மீதி உப்பையும் போட்டேன். விரல் வெளுத்து, தொட்டால் கட்டை மாதிரி இருந்தது. நல்லாத்தான் பிடித்திருக்கிறது என்று நினைத்தேன்.

மாப்ள சீட்டில் சாய்ந்து டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தான். "ஒட்டிருவாங்கள்ல மச்சான்?" என்று இரண்டு தடவை கேட்டான். "ஒட்டாம? ஒரு தையல்கூடத் தெரியாது பாரு" என்றேன். தங்கச்சிக்கு என்ன பதில் சொல்ல, தங்கச்சிக்கு என்ன பதில் சொல்ல, இதே ஓட்டம்தான் மண்டைக்குள்.

மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் மூன்றைத் தாண்டிவிட்டது. அங்கே மட்டும் எல்லாம் ஓட்டமாக நடந்தது. அவனைத் தள்ளுவண்டியில் ஏற்றி உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். என்னை வராந்தாவில் நிறுத்தி, இளவயது டாக்டரம்மா ஒருத்தர் டப்பாவைக் கேட்டார். கொடுத்தேன். திறந்தார். கையுறை போட்ட விரலால் ஐஸை விலக்கிப் பார்த்தார்.

"யார் இதுல உப்பு போட்டது?"

"நாந்தாம்மா."

"எதுக்குப்பா?"

"கெட்டுப் போவக் கூடாதுன்னு."

அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மெதுவாகச் சொன்னார். விரல் ஐஸில் நேராகப் படவே கூடாதாம். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரைத்தான் ஐஸில் வைக்க வேண்டுமாம். நான் உப்பும் போட்டதில் உள்ளே எலும்பு வரைக்கும் உறைந்து, ரத்தக்குழாயெல்லாம் செத்துவிட்டதாம். "நேரமும் ஆயிடுச்சு. ஆனா நேரம் ஆனது மட்டும்னா முயற்சி பண்ணிப் பாத்திருப்போம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கடைசி வார்த்தை இருக்கிறதே, அது இன்றைக்கு வரைக்கும் என்னை விடவில்லை. அந்த வராந்தாவில் சுவரோடு சரிந்து உட்கார்ந்து, வாயில் துண்டை வைத்துக்கொண்டு அழுதேன்.

வார்டில் மாப்ள கண் விழித்ததும், "நேரமாயிப் போச்சாம் மாப்ள" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். ரோடு, லாரி, இரண்டு ஆஸ்பத்திரி, எல்லாவற்றையும் வாயாரத் திட்டினேன். திட்டினதில் ஒன்றும் பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. பூத்திலிருந்து தங்கைக்குப் போன் போட்டும் அதையே சொன்னேன்.

பிறகு ஒரே அறையில் அவனோடு இருந்த காலம் எனக்கு நரகம். அவன் சட்டைப் பட்டனை இடது கையால் போடுவான், நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனைத் தேடுவான், எனக்குச் சோறு இறங்காது. யார் வந்து கேட்டாலும், "எம் மச்சான் மட்டும் இல்லன்னா நான் ரத்தம் போயே செத்திருப்பேன்" என்று என்னைத் தூக்கிவைத்துப் பேசுவான். எனக்குக் கூசும். என்றைக்காவது ஒரு நாள் எந்த டாக்டராவது, எந்த நர்ஸாவது இவனிடம் சொல்லிவிட்டால்? தெரிந்தால் என் முகத்தில் முழிப்பானா? தங்கை என்னை அண்ணன் என்று கூப்பிடுவாளா? டாக்டர் வெள்ளைக் கோட்டைப் பார்த்தாலே எனக்கு வேர்க்கும்.

இரண்டு வருஷம் கழித்து ஷெட் ஒரகடம் பக்கம் புது இடத்துக்கு மாறியது. மாப்ளக்கு அங்கே பேக்கிங்கில் வேலை. மெஷின் புதுசு, டியூப் மட்டும் பழசு. ஒரு நாள் மத்தியானம், அசெம்பிளியில் இருந்த ஒரு பெண்ணின் ஆள்காட்டி விரல் போய்விட்டது. ஒரே கூச்சல். நான் ஓடிப்போய்ப் பார்க்கும்போது அவளை வேனில் ஏற்றிவிட்டார்கள். அதே பிள்ளைப்பாக்கம் டிரைவர், கையில் தெர்மகோல் பெட்டி, நிறைய ஐஸ். விரலை அதற்குள் போடப் போகிறார்.

"போடாதீங்க!"

"இன்னாண்ணா சொல்ற? ஐஸ்ல வெக்காம வேற எங்க வெக்கிறது? நீதான அன்னிக்கு அப்டி வெச்ச!"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மாப்ள எனக்குப் பக்கத்தில் ஒரு முழ தூரத்தில் நிற்கிறான். அப்படியே ஓடிப்போய்விடலாமா என்று இருந்தது. வேனுக்குள் அந்தப் பெண், "அண்ணா, சீக்கிரம்ணா, சீக்கிரம்ணா" என்று அரற்றுகிறாள்.

"நான் அப்படி வச்சதாலதான் அவன் விரல் ஒட்டல! ஐஸ் நேராப் பட்டா செத்துரும். நான் உப்பும் போட்டேன். டாக்டரம்மா அன்னைக்கே எங்கிட்டச் சொன்னாங்க. கவரக் கொண்டாங்க, நல்ல துணி கொண்டாங்க!"

கத்தினேனா அழுதேனா தெரியாது. பிறகு பேக்கிங் ரோலிலிருந்து ஒரு புதுக் கவர் என் முன்னால் நீண்டது. நீட்டிய கையில் நாலு விரல்தான் இருந்தது. கவரின் வாயை அவன் பிடித்துக்கொள்ள, நான் ஈரத்துணியில் சுற்றிய விரலை உள்ளே போட்டு முடிந்தேன். இந்தத் தடவை வேன் வேறு எங்கும் நிற்கவில்லை, நேராகப் பெரியாஸ்பத்திரிதான். அவளுக்கு விரல் ஒட்டியது. சரியாக மடங்காது, ஆனால் ஒட்டியது.

வேன் போன பிறகு நாங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடித்தால் வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன்.

"எவ்ளோ உப்பு போட்ட?"

"ரெண்டு கை."

"அன்னைக்கேவா தெரியும் ஒனக்கு?"

"அன்னைக்கே."

அவன் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன.

"ஒந் தங்கச்சிட்ட சொல்லிராத" என்றான். அப்புறம், குரலே இல்லாமல், "நான் வழி பூரா அந்த டப்பாவத்தான் பாத்துட்டு வந்தேன், மச்சான். உப்பு பத்தாதேன்னு நெனச்சேன்" என்றான்.