நிரம்பிப் போன கம்ப்யூட்டரும் காணாமல் போன பையனும்

அவிநாசியில் போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். தேர்த் திருவிழா அன்று மாலை, ஒரு பெண் குடும்பப் படம் ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்.

"ஏனுங்க, கூட்டத்துல பையனைத் தொலைச்சுப்போட்டேனுங்க. அவனுக்குப் பேச்சு வராதுங்க. போலீஸ்ல காட்ட மொகம் மட்டும் பெருசா வேணுமுங்க" என்று அழுதார்.

படத்தை ஸ்கேன் செய்து முகத்தைப் பெரிதாக்கினேன். கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிட்டது. சில நாட்களாகவே மந்தமாகத்தான் இருந்தது. பழசாகிவிட்டது என்று விட்டிருந்தேன். வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"இருட்டுனா பயந்து எங்கியாச்சும் ஓடிருவானுங்க" என்றார் அந்த அம்மா.

அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தபோதுதான் ஹார்ட் டிஸ்க்கில் இடமே இல்லை என்பது தெரிந்தது. ஆல்பம் கொடுத்து முடித்த கல்யாணப் படங்களெல்லாம் அதில் குவிந்து கிடந்தன. அவற்றை அழித்த பிறகே வேலை ஓடியது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்ததும் அவர் பறந்தார்.

போலீஸ் காட்டிய படத்தைப் பார்த்த பஸ் கண்டக்டர் ஒருவர், பையன் தன் பஸ்ஸில் ஏறி, பெருந்துறையில் கூட்டத்தோடு இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார். அங்கே ஒரு கடைக்குப் பின்னால் ஒடுங்கி உட்கார்ந்திருந்தவனைக் கண்டுபிடித்துவிட்டார்களாம்.

இப்போதெல்லாம் முடிந்த படங்களை வாரம் தவறாமல் சிடியில் ஏற்றி, கம்ப்யூட்டரைக் காலி செய்துவிடுகிறேன். அடுத்து யார் எதற்காக ஓடி வருவார்களோ, யாருக்குத் தெரியும்?