பட்டாணிக்கு வந்த மண்டோர்

வேலையாட்களை மேய்க்கும் மண்டோராகச் செம்பனைத் தோட்டத்தில் காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு அதட்ட ஆள் இல்லை. தொண்டை மட்டும் மிச்சம். மனைவியை ஒருமுறை அதட்டிப் பார்த்தேன். அந்த அனுபவம் எழுதத்தக்கதல்ல.

மகனுக்குக் குளிர் பிரதேசமான கேமரன் மலையில் பெண் எடுத்தோம். அவன் செண்டாயானில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விடுவான். மருமகளோ எதைக் கேட்டாலும் தலையை ஆட்டுவாள், அவ்வளவுதான். சாயங்காலமானால் பின்வாசலில் நின்று செம்பனைகளை வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அந்தப் புள்ளைக்கு இங்க ஒட்டலைங்க. இப்படியே போனா மலைக்கே திரும்பிப் போயிரும், பாருங்க" என்றாள் மனைவி.

மருமகளின் பெட்டியில் ஒரு பிடி பட்டாணி விதை இருந்தது, அவள் அப்பா வீட்டுத் தோட்டத்தில் விளைந்தது. அதை இங்கே காய்க்க வைத்தால் பெண்ணின் மனம் தேறும் என்று எனக்கொரு யோசனை.

"இந்தச் சூட்டுல வருமா மாமா?"

"என் வாழ்க்கை பூரா மரம் நட்டவன்மா நான்!"

எதற்கும் இருக்கட்டும் என்று பாதி விதையை மட்டும் கொடுத்தாள்.

மழை தொடங்கியதும் வேலையில் இறங்கினேன். கயிறு பிடித்து, செம்பனைக்குப் போடுகிற அதே முக்கோணக் கணக்கில் குழி. ஒரு விதைக்கும் அடுத்த விதைக்கும் நடுவில் நானே படுத்து உருளலாம். சுற்றிலும் ஒரு புல் இல்லாமல் வட்டமாகச் செதுக்கினேன். முட்டுக்குச்சி? மரம் நடுகிறவன் முட்டுக் கொடுப்பானா!

முளைத்தன. வளர்ந்தன. பிறகு ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டன. நுனிச்சுருள்கள் பிடிக்க எதுவும் கிடைக்காமல் காற்றைத் துழாவின. ஒன்றை நிமிர்த்தினேன், சாய்ந்தது. மறுபடி நிமிர்த்தினேன்.

"ஒழுங்கா நில்லுடா!" என்று அதட்டினேன்.

பின்னால் ஒரு சிரிப்பு. மருமகள்தான், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"மாமா, இது என்ன செம்பனையா? குலை தள்ளுமா? லோரி வந்து ஏத்திட்டுப் போவுமா?"

"ஏம்மா, அன்னைக்கே சொல்லியிருக்கலாம் லா!"

"மண்டோருகிட்ட யாரு சொல்றது? பட்டாணி தனியா நிக்காது மாமா. நெருக்கி விதைச்சாத்தான் ஒண்ண ஒண்ணு புடிச்சிக்கிட்டு ஏறும்."

மீதி விதையை அவளே எடுத்து, மத்தியான வெயில் விழாத சுவரோரம் நெருக்கமாக ஊன்றினாள். பழைய மீன்வலையைக் கட்டச் சொன்னாள், கட்டினேன். "தொங்குது மாமா, இழுத்துக் கட்டுங்க." இழுத்தேன். "தண்ணிய வேருல ஊத்துங்க, என் கால்ல இல்ல." இத்தனை சொற்களை அந்தப் பெண் எங்கேதான் ஒளித்து வைத்திருந்தாளோ!

கொடிகள் வலையில் ஏறின, வெள்ளையாகப் பூத்தன. பாதிப் பூ சூட்டில் உதிர்ந்தது. மிஞ்சியது ஒரு கை காய்.

ஒன்றை உரித்து எனக்குப் பாதி தந்தாள். எனக்கு அமிர்தம்.

"சுமார்தான் மாமா" என்றாள். "மிச்சத்தப் பறிச்சிராதீங்க, விதைக்கு விடணும். இங்கயே காய்ச்சதுன்னா அடுத்த மழைக்குச் சூடு பழகியிருக்கும்."

அடுத்த மழை! உள்ளே ஓடினேன்.

"மலைக்குப் போறேன்னு ஏதும் சொல்லுதா?" என்று மனைவியிடம் மெதுவாகக் கேட்டேன்.

"போறதா? என் கத்தரிப் பாத்தியையும் பட்டாணிக்குக் கேக்குதுங்க!"