தேவலைங்க ஐயா

கள்ளக்குறிச்சியில் அந்த டாக்டர் அறைக்கு வெளியே கிடந்த மரப்பெஞ்சு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டு என் சித்தப்பா அதில் குனிந்து உட்கார்ந்திருந்தார். கச்சிராயபாளையத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும்போதே அவருக்கு வியர்த்துக் கொட்டியது. உள்ளே கூப்பிட்டதும்தான் அந்தக் கூத்து. தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு இறங்கியது, முதுகு நிமிர்ந்தது, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு முகத்தில் வந்து ஒட்டிக்கொண்டது.

"வலி எப்படி இருக்கு?"

"தேவலைங்க ஐயா. உங்க மருந்து நல்லா கேக்குதுங்க."

தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. மருந்து கொடுத்தவரிடமே அது கேட்கவில்லை என்பது எங்கள் வீட்டில் மரியாதைக் குறைவு. விருந்து போட்டவரிடம் குழம்பில் உப்பில்லை என்பதைப் போல. பஸ்ஸில் வழிநெடுகக் கெஞ்சியிருந்தேன். "வலியில உருண்டத அப்படியே சொல்லு சித்தப்பா. வெளிக்கு கருப்பா போவுதுன்னு சித்திகிட்ட சொன்னியே, அதயும் சொல்லு." அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "நல்ல மனுசன் பாப்பா அவரு. மனசு நொந்துக்குவாரு."

பொறுக்காமல் நானே சொன்னேன். "இல்லீங்க டாக்டர், தாரு மாதிரி கருப்பா போவுதாம்." எழுதிக்கொண்டிருந்த டாக்டர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். அப்பாடா, பிழைத்தோம் என்று நினைத்தேன்.

"அது கீரை தின்னதுங்க ஐயா. படிச்ச புள்ள, சும்மா பயந்துக்கினு கெடக்குது," என்றார் சித்தப்பா. டாக்டரும் சிரித்துவிட்டு அதே மாத்திரையை எழுதினார்.

அந்த வாரமே கரும்புக் கொல்லையில் ரத்தமாக வாந்தி எடுத்தார். வேனில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு, "கண்ணத் தொற சித்தப்பா" என்று கத்திக்கொண்டே வந்தேன். ஆஸ்பத்திரி வாசலைத் தொடுவதற்குள் உடம்பு சில்லிட்டுவிட்டது.

இப்போது நானும் மாத்திரை தின்னும் வயதுக்கு வந்துவிட்டேன். எங்கே வலிக்கிறது, எப்போது வலிக்கிறது என்று ஒன்றுவிடாமல் டாக்டரிடம் ஒப்பிக்கிறேன். மருந்து கேட்கவில்லை என்றால் கேட்கவில்லை என்றே சொல்கிறேன். அன்றைக்கு அவருக்காக நான் சொன்னது எடுபடாமல் போனதுதான் ஆறவில்லை.

சித்தப்பாவின் சாவுக்கு அந்த டாக்டரும் வந்திருந்தார். "நல்லா இருக்குன்னுதானேம்மா எங்கிட்ட சொன்னாரு" என்று சித்தியிடம் சொன்னார். இவளாவது வாயைத் திறந்து உள்ளதைச் சொல்லட்டும் என்று சித்தியின் முகத்தையே பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, முந்தானையை இழுத்துப் போர்த்தி, எழுந்து நின்றாள்.

"உங்க மேல கொற இல்லீங்க ஐயா. உங்க மருந்துலதான் இவ்ளோ நாளு இருந்தாரு."