ஜைத்தூன் அக்கா பேரில் வாங்கிய சமாதானம்

எங்கள் ஊர் சமாதானக் கமிட்டிக்கு இப்போது இருபது வயது. இந்த இருபது வருஷமும் பண்டிட் தேவ்நாராயண், சாந்தி என்று மூன்று தரம் சொல்லித்தான் பேச்சை முடிப்பார். பாதிரியார் இலாய்சா, இயேசு விட்டுப்போன சமாதானத்தைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவார். மௌல்வி சுருக்கமாக முடித்துவிடுவார், அடுத்த தொழுகைக்குப் போக வேண்டும். ரேவா ஆற்றங்கரைப் பள்ளிக்கூட ஹாலில் அதே பேச்சு, அதே மின்விசிறி, அதே பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலிகளை வேனில் ஏற்றி இறக்குகிறவன் நான், பொன்சாமி. முப்பத்தோரு வருஷம் நௌசோரி பஸ் ஓட்டி ஓய்ந்தவன். டீயும் சமோசாவும் என் பக்கத்து வீட்டு ஜைத்தூன் அக்காவின் பொறுப்பு. சமாதானத்தைப் பற்றி அவரிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

நான் ஒரு தடவை கேட்டேன், பாத்திரம் கழுவும்போது.

"நான் ஒரு நாளைக்கு நாப்பது தடவை சலாம் சொல்றேன் தம்பி. உங்க மேல அமைதி உண்டாகட்டும்னு அர்த்தம். எல்லாரும் பதிலுக்குச் சொல்லிட்டுப் போயிடறாங்க. எவனாவது நின்னு, உனக்கு இருக்கான்னு கேட்டிருக்கானா? அந்த அண்டாவை இப்படித் தள்ளு."

தள்ளினேன்.

எங்கள் தீவின் தலைநகரான சுவாவில் துப்பாக்கியோடு புகுந்து பார்லிமென்டைப் பிடித்து வைத்திருந்தார்களே, அந்த இரண்டாயிரமாவது வருஷம், ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அக்கரை கிராமத்துப் பூர்வகுடி இளவட்டங்கள் ஆற்றைக் கடந்து வந்தார்கள். அக்கா வீட்டு மாட்டை ஓட்டினார்கள், கூரைத் தகரத்தைப் பெயர்த்தார்கள், மரவள்ளியைப் பிடுங்கினார்கள். ஜும்மா முடிந்து வந்த சுப்ராத்தி அண்ணன், அக்காவின் புருஷன், வாசலில் நின்று கையெடுத்துக் கும்பிட்டார். முகத்தில் துணி கட்டியிருந்த ஒருவன் ஏதோ கத்திக்கொண்டே இரும்புக் குழாயால் அவர் முழங்காலில் அடித்தான். அதற்குப் பிறகு ஏழு வருஷம் அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்து, சர்க்கரை முற்றி, அவர் போய்ச் சேர்ந்தார். சாகும் வரை அவர் ஒன்றையேதான் கேட்டுக்கொண்டிருந்தார். "ஜைத்தூன், அது யாரு? குரல் தெரிஞ்ச குரலா இருந்துச்சே."

அக்கரைக்காரர்கள் அந்நியர் இல்லை. எங்கள் ஏரைக் கடன் வாங்கி உழுதவர்கள், எங்கள் கல்யாணத்தில் பூரி தின்றவர்கள். அதுதான் ஆறவில்லை அக்காவுக்கு.

மூன்று வருஷத்துக்கு முன்னால், சமாதான நாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, பாதிரியார் முன்னால் போய் நின்றார் அக்கா. "இந்தத் தடவை நான் பேசணும்."

"நீங்களா? தாராளமா! அன்பைப் பத்திப் பேசுங்க."

"எதைப் பத்திப் பேசணும்னு நான் பாத்துக்கறேன். மைக்கை மட்டும் குடுங்க."

இரண்டு பக்கம் எழுதினார். வேனில் போகும்போது எனக்கு வாசித்தும் காட்டினார். நடந்ததெல்லாம் வரிசையாக இருந்தது. கடைசி வரி ஒரு கேள்வி: என் புருஷனை அடித்தது யார்? "அக்கரை ஆளுங்க முப்பது பேராவது வருவாங்க. எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன். பதில் வராட்டியும் பரவால்ல, கேள்வி அவங்க காதுல விழட்டும். எனக்கு அறுபத்தாறு வயசு. இதைச் சுமந்துக்கிட்டு இனி மாவு பிசைய முடியாது."

அந்த ஒரு கேள்வியைக் கேட்கத்தான் அத்தனை வருஷம் டீ போட்டார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்படித் தெரிந்தும் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

சமாதான நாளன்று பண்டிட் பேசி முடித்தார். அக்கா சமையலறையில் டீ வடிகட்டிக்கொண்டிருந்தார், அடுத்தது அவர் பேச்சு. அப்போது அக்கரையிலிருந்து ஐந்து பேர் எழுந்து, மேடைக்கு முன்னால் விரித்திருந்த பாய்க்குக் குனிந்தபடி வந்து மண்டி போட்டார்கள். நடுவில் இசிகேலி, எழுபது வயதுக் கிழவர். ஊர் சார்பாகப் பேசுகிறவர் கையில் தாம்புவா. கயிறு கட்டிய அந்தத் திமிங்கிலப் பல் எண்ணெய் பூசிப் பளபளத்தது. "எங்க பிள்ளைங்க அந்த வருஷம் தப்பு செஞ்சாங்க. சுப்ராத்தி வீட்டுக்கு முன்னால ஊரே மண்டி போடுது. இதை வாங்கிக்குங்க, மண்ணைப் போட்டு மூடிடுவோம்" என்றார்.

எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு இதன் பொருள் தெரியும். பல்லை வாங்கிவிட்டால் மன்னித்தாயிற்று. அதற்குப் பிறகு அந்த விஷயத்தை யாரும் வாயில் எடுக்கக் கூடாது, சபையில் கேள்வி கேட்கவே கூடாது.

கிழவர்கள் மண்டி போட்டிருக்கிறார்கள், நீட்டிய பல் அந்தரத்திலேயே நிற்கிறது. அக்கா வீட்டு ஆள் என்று முன் பாயில் இருந்தவன் நான் ஒருவன்தான். பாதிரியார் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அறுபது வருஷப் பழக்கம், பாவி, கை தானாக நீண்டுவிட்டது. வாங்குகிறவர் செய்கிற முறைப்படி உள்ளங்கைகளைக் குவித்து மூன்று தரம் தட்டினேன். பல்லை வாங்கினேன். "ஏற்றுக்கொண்டோம்" என்று வாயும் சொல்லித் தொலைத்தது.

ஹாலே கை தட்டியது. நிமிர்ந்தால் டீத் தட்டோடு ஜைத்தூன் அக்கா நிற்கிறார். என் மடியில் இருந்ததைப் பார்த்தார். இடுப்பில் செருகியிருந்த காகிதத்தை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளினார்.

"டீ ஆறிடும். எல்லாரும் எடுத்துக்குங்க" என்றார்.

பாதிரியார் மைக்கைப் பிடித்து, இதுதான் சமாதானம், இதுதான் சமாதானம் என்று கண் கலங்கினார். அக்கா இசிகேலிக்கும் ஒரு கோப்பை கொடுத்தார். மைக் பக்கமே போகவில்லை.

திரும்பும்போது வேனில் பாதி வழியில் அக்கா ஆரம்பித்தார்.

"பொன்சாமி மன்னிச்சுட்டாரு! பெரிய மனுஷன்! உன் வீட்டுக் கூரையா போச்சு? உன் கால்லயா அடிச்சாங்க?"

"அக்கா, கை தானா..."

"அந்தக் கைதான் முப்பது வருஷம் பஸ் ஓட்டுச்சா? ஆத்துக்குள்ள விடாம இருந்ததே பெருசு."

எனக்கு அழுகை வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், வண்டியை ஓரம் கட்டினேன். அக்கா அழவில்லை. "எனக்குத் தூக்கம் வருது, வண்டியை எடு" என்றார்.

மறுநாள் காலை பல்லை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். திருப்பிக் கொடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"திருப்பிக் குடுத்தா அந்தக் கிழவன் அவன் ஊர்ல தலை நிமிர முடியுமா? அந்தப் பாவமும் எனக்கா? உன் வீட்லயே மாட்டு. வாங்கினவன் நீதானே, நீயே காவலிரு."

மாட்டினேன். சாமி படத்துக்கும் காலண்டருக்கும் நடுவில் அது தொங்கியது. சாப்பிட உட்கார்ந்தால் கண்ணில் பட்டது. நாலு நாள் தாங்கினேன். ஐந்தாம் நாள் படகேறி அக்கரைக்குப் போய், இசிகேலி வாசலில், மரியாதைக்கு வைக்கிற யங்கோனா வேரை வைத்துவிட்டு உள்ளதைச் சொன்னேன். நீங்கள் கொடுத்தது தப்பான கையில், அவர் ஒன்று கேட்க இருந்தார், நான் அவர் வாயை அடைத்துவிட்டேன் என்றேன். கிழவர் பின்னிக்கொண்டிருந்த பாயின் ஓலையைக் கிழித்துக்கொண்டே இருந்தார்.

புதன்கிழமை காலையில் தனியாக வந்தார். கூட ஊர் சார்பாகப் பேச ஆளில்லை, கையில் பல்லுமில்லை. அக்கா வீட்டு வாசற்படியில், வெயிலில் உட்கார்ந்தார். அக்கா என்னையும் கூப்பிட்டார்.

"அண்ணி, எழுதி வச்சிருக்கியாமே. வாசி" என்றார் இசிகேலி. அந்தக் காலத்தில் சுப்ராத்தி அண்ணனை அவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்.

"மூடியாச்சுன்னு சொன்னாங்களே?"

"ஊருக்கு மூடியாச்சு. நான் இங்க உக்காந்திருக்கேன்ல, வாசி."

அக்கா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்தார். கூரை, மரவள்ளி, இரண்டு மாடு.

"மூணு" என்றார் இசிகேலி. "செவலைக் கன்னுக்குட்டியை விட்டுட்டே."

அக்கா பேனா எடுத்துத் திருத்தினார். மேலே வாசித்தார். வாசல், கும்பிட்ட கை, குழாய். கடைசி வரிக்கு வந்ததும் காகிதத்தைப் பார்த்தபடியே கேட்டார். "என் புருஷனை அடிச்சது யாரு?"

"நான்தான்."

இளவட்டங்கள் என்றுதானே இத்தனை வருஷமும் சொன்னார்கள்! நாற்பத்தெட்டு வயது மனுஷன் அன்றைக்கு முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"அண்ணன் என்னைப் பாத்தாரு" என்றார் கிழவர். "துணிக்கு மேல கண்ணு தெரியும்ல. வாயெடுத்தாரு, இசிகேலின்னு கூப்பிடப் போறாருன்னு நெனச்சுட்டேன். பேர் வெளியே வரக் கூடாதுன்னு அடிச்சேன். பல்லோட வந்தா இதைச் சொல்லாமலே செத்துடலாம்னு நெனச்சேன் அண்ணி."

அக்கா உள்ளே போனார். நெடுநேரம் வரவில்லை. அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, நான் போய் அணைத்தேன். அவர் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார்.

திரும்பி வந்து, "போயிடு" என்றார். கிழவர் படியிறங்கி வேலி வரை போனதும், "அடுத்த புதன் வா. இன்னும் இருக்கு" என்றார்.

அவர் வந்தார். அடுத்த புதனும், அதற்கடுத்த புதனும். முதல் மாதம் திட்டு மட்டும்தான், ஒரு வாய்த் தண்ணீர் கூடக் கிடையாது. அந்த ஏழு வருஷத்தில் அண்ணன் எந்தெந்தப் படியில் தடுக்கினார், எந்த மழையில் கால் கடுத்தது, தொழுகையில் மண்டி போட முடியாமல் நாற்காலியில் உட்கார எப்படி வெட்கப்பட்டார், எல்லாம் கிழவர் தலையில் கொட்டப்பட்டது. அவர் ஒன்றுக்கும் சமாதானம் சொல்லவில்லை. இரண்டாம் மாதம் டீ கிடைத்தது. பிறகு அவர் டாலோக் கிழங்கு கொண்டுவந்தார். "இதென்ன சுண்டெலி சைஸு?" என்று அக்கா சண்டை பிடித்தார். ஆக்லாந்திலிருக்கும் மகள் போன் செய்தால், "இரு, உங்கப்பாவை அடிச்சவன் வந்திருக்கான், அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுவார். மன்னித்தேன் என்று ஒரு புதன்கிழமையும் சொல்லவில்லை.

பாதிரியாருக்கு விஷயம் எட்டி, அடுத்த சமாதான நாளில் இருவரும் மேடையில் கை கோத்து நிற்க வேண்டும் என்று கேட்டு வந்தார். "சமோசா எத்தனை வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்று வாசலிலேயே அனுப்பினார் அக்கா.

பத்து மாதம் இப்படி. ஒரு புதன்கிழமை மத்தியானம் வரை அவர் வரவில்லை. படகுக்காரன்தான் சொன்னான், விடியற்காலையில் இசிகேலி போய்விட்டார் என்று. அக்கா இரண்டு கோப்பை எடுத்து வைத்திருந்தார். ஒன்றைக் கவிழ்த்து வைத்தார்.

"அந்தப் பல்லைக் கொண்டா."

"எதுக்கு அக்கா?"

"எழவு வீட்டுக்கு வெறுங்கையோடயா போவாங்க?"

அக்கரையில் பந்தலுக்குள் துக்கம் கேட்க வருகிறவர்கள் குடும்பம் குடும்பமாகப் பாயும் தாம்புவாவும் கொண்டுவந்து வைத்துக்கொண்டிருந்தார்கள். உறவுக்காரர்கள் செய்கிற முறை அது. எங்கள் முறை வந்தபோது ஊர் வழக்கப்படி நான் எடுத்துக் கொடுக்கத் தயாரானேன். அக்கா என் கையிலிருந்து பல்லை வாங்கிக்கொண்டார்.

முக்காட்டை இழுத்துவிட்டு, முட்டி வலியோடு மெல்ல மண்டி போட்டு, இரண்டு கையாலும் ஏந்தினார். அந்த ஊர் எண்ணெய் பூசி அனுப்பிய அதே பல். இசிகேலியின் மூத்த மகன் அதை அடையாளம் கண்டுகொண்டான். திருப்பி எறிய வந்திருக்கிறார் என்று நினைத்திருப்பான், முகம் வெளுத்தது.

"இது உங்க வீட்டுதுதான்" என்றார் அக்கா. "அன்னிக்கு வேற ஒருத்தன் வாங்கினான். நான் இன்னிக்குத்தான் வாங்கினேன். வாங்காத பொருளை நான் எப்படிக் குடுக்க முடியும்? சுப்ராத்தி வீட்டிலேருந்து துக்கத்துக்கு வந்திருக்கோம். எடுத்துக்க."

மகன் கை தட்டவும் மறந்து அழுதான். பல் அக்காவின் கையிலேயே நின்றது. பந்தலே பார்த்துக்கொண்டிருந்தது. வாங்குங்கள் வாங்குங்கள் என்று எனக்கு அடித்துக்கொண்டது, கை தானாக எழப் பார்த்தது. என் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் அழுத்தி உட்கார்ந்துகொண்டேன்.