பச்சைப் புள்ளிகள் மறையாத மூன்று வாரம்

1. மூன்றாவது தோல்வி

டப்பாவைத் திறந்து ஒரு வாய் அவல் போஹா வைத்திருப்பேன். ஷ்ருதி மைக்ராஸ்கோப் அறையிலிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"இந்தத் தடவையும் போகல மேடம். எல்லா டாட்ஸும் அப்படியே இருக்கு. மேரா ஹாத் ஹீ கராப் ஹை."

ஷ்ருதி பிஎச்.டி. கடைசி வருடம். புனேயின் பாணேர் பகுதியில் வளர்ந்த தமிழ்ப் பெண். அழுகை வந்தால் இரண்டு மூன்று மொழிகள் கலந்து வரும்.

"கையெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அழாத, நான் பாக்குதேன்" என்றேன். இந்த புனே லேபில் இத்தனை வருடம் டெக்னிக்கல் ஆபீசராக இருந்தும் என் திருநெல்வேலி மட்டும் போகவில்லை.

புள்ளிகள் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனியாக ஒரு குட்டி டி.என்.ஏ. வட்டம் உண்டு. அதன் இரண்டு இழைகளும் முழுக்க ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படும். ஒரு இழையின் படி பெரும்பாலும் உதவாத சரக்கு. அதை உடனுக்குடன் ஒழிக்க இரண்டு புரதங்கள் ஜோடியாக வேலை செய்கின்றன. எஸ்.யூ.வி. த்ரீ முறுக்கைப் பிரித்துக் கொடுக்கும், பி.என்.பேஸ் மென்று தள்ளும். ஜோடி படுத்துக்கொண்டால் குப்பை ஆர்.என்.ஏ. நல்லதோடு ஒட்டி இரட்டை இழையாகிவிடும். அது மைட்டோகாண்ட்ரியாவை விட்டு வெளியே கசிந்தால், வைரஸ் வந்துவிட்டது என்று செல் ஊரைக் கூட்டும்.

இந்த ஜோடிக்கு ஒத்தாசை செய்யும் மூன்றாவது புரதம் ஒன்றை ஷ்ருதி கண்டுபிடித்திருந்தாள். அதைக் குறைத்தபோது செல்லுக்குள் இரட்டை இழைகள் மைக்ராஸ்கோப்பில் பச்சைப் புள்ளிகளாக மின்னின. ஆய்விதழுக்கு அனுப்பிய கட்டுரையைப் படித்த ரிவியூவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இவை ஆர்.என்.ஏ.தான் என்று என்ன நிச்சயம்? ஸ்லைடில் ஆர்.என்.ஏ.வை வெட்டும் என்சைமைப் போட்டுக் காட்டுங்கள், புள்ளிகள் மறையவேண்டும் என்றார்.

மறையவில்லை. எங்கள் பாஸ் கடம் சார் அன்று மாலையே சொல்லிவிட்டார்: "பேட்டா, யே ஆர்.என்.ஏ. நஹீ ஹை. வெறும் அழுக்கு. திங்கட்கிழமை மீட்டிங்ல பேசிட்டு பேப்பரை வாபஸ் வாங்கிடலாம்." ஐந்து வருட வேலை.

2. மேடம் கா பஃபர்

அந்த வெட்டு என்சைம் எங்கள் தொழிலுக்கு ஜென்ம விரோதி. வியர்வையில் இருக்கும், எச்சிலில் இருக்கும், விரல் நுனியில் இருக்கும். என் அறையில் யாராவது தலையைச் சொறிந்தால் கையுறையை மாற்றாமல் விடமாட்டேன். அந்த என்சைம் பாட்டிலைக் கீழ்த்தளத்துக்கு நாடு கடத்தியிருந்தேன். அதைத் தொட்டவர்களுக்கு அன்று என் அறையில் அனுமதி கிடையாது. அதனால் என் கையில் ஆர்.என்.ஏ. உடைந்ததே இல்லை. பக்கத்து லேப்காரர்கள்கூட நான் கலக்கும் கரைசல், அதாவது "மேடம் கா பஃபர்", வேண்டும் என்று வந்து நிற்பார்கள். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் உண்டுதான்.

வெள்ளிக்கிழமை நாலாவது முயற்சிக்கு, முந்தைய மூன்று முறை போலவே, ஷ்ருதிக்கு என்சைமைக் கரைக்கும் பஃபரை நானே தயார் செய்துகொண்டிருந்தேன். அவள் ஹிஞ்சேவாடி டிராஃபிக்கைத் திட்டிக்கொண்டிருந்தாள், நான் உம் கொட்டிக்கொண்டிருந்தேன். உப்பு, தண்ணீர் எல்லாம் அளந்து முடிந்தது. என் இடது கை தானாக ஐஸ் டப்பாவுக்குப் போய் ஒரு சின்ன டியூபை எடுத்தது. பிபெட் முனை உள்ளே இறங்கிய பிறகுதான் அது என்ன டியூப் என்று பார்த்தேன்.

இன்ஹிபிட்டர்! வெட்டு என்சைமின் வாயைக் கட்டிப்போடும் மருந்து.

ரசத்துக்குப் பெருங்காயம் போடுவதுபோல எல்லா பஃபரிலும் அதைப் போட்டுப் பழகிய கை. மூன்று வாரமாக அந்தப் பெண் கீழ்த்தளத்தில் என்சைமைப் போடுவதும், என் பஃபர் அதன் வாயைக் கட்டுவதுமாக நடந்திருக்கிறது. நோட்டில் எழுதிய செய்முறையில் இன்ஹிபிட்டர் கிடையாது. நான் சேர்த்தது எனக்கே தெரியாது.

உள்ளதைச் சொல்கிறேன். முதலில் வந்த யோசனை, சத்தமில்லாமல் இன்னொரு பஃபர் செய்து கொடுத்துவிடலாம் என்பதுதான். புள்ளிகள் மறையும், மேடம் கைராசி என்று பெயரும் கிடைக்கும். ஆனால் மூன்று தோல்விக்குப் பிறகு காரணமே இல்லாமல் ஒரு வெற்றி வந்தால் கடம் சார் அதை நம்பவே மாட்டார். தில்லுமுல்லு என்று எனக்காக அவள் மாட்டிக்கொள்வாள்.

3. திங்கட்கிழமை

மீட்டிங்கில் கடம் சார் வாயைத் திறக்குமுன் எழுந்து இன்ஹிபிட்டர் கதையைச் சொல்லிவிட்டேன். சொல்லும்போது காது சுட்டது.

"மேடம், ஆப் நே? நீங்களா?" என்றார் கடம் சார். ஓரத்தில் ஒருவன் சிரித்தான். என் அறையில் தலை சொறிந்து திட்டு வாங்கியவன், சிரிக்கட்டும்.

ஷ்ருதி சிரிக்கவில்லை. "மூணு வாரம் மேடம். நான் வீட்ல அம்மாகிட்ட ஸயன்ஸே வேணாம்னு சொல்லிட்டேன்."

"தப்பு என்னோடதுதாம்மா. மன்னிச்சுக்கோ" என்றேன்.

கடம் சார் கெட்டிக்காரர். இன்ஹிபிட்டர் போட்டது, போடாதது என்று இரண்டு பஃபரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதே நாளில் செய்யச் சொன்னார். புதன்கிழமை மைக்ராஸ்கோப் அறையில் நெருக்கிக்கொண்டு நின்றோம். என் பழைய பஃபர் போட்ட ஸ்லைடில் புள்ளிகள் ஜாம் ஜாமென்று மின்னின. இன்ஹிபிட்டர் இல்லாத ஸ்லைடில் கும்மிருட்டு. ஆர்.என்.ஏ. காணாமல் போனதற்கு நான் கைதட்டியது என் சர்வீஸிலேயே அன்று மட்டும்தான். ஷ்ருதி என் தோளில் சாய்ந்து அழுதாள். மூன்று மொழிகளும் கலந்து வந்தன.

இப்போது லேபுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். காப்பாற்றுவது மட்டும் வேலையல்ல. எதை எப்போது ஒழியவிட வேண்டும் என்று மைட்டோகாண்ட்ரியாவுக்கே தெரிகிறது, நாமும் தெரிந்துகொள்ளலாம். அதோடு, உங்கள் கை யோசிக்காமல் செய்வதையும் நோட்டில் எழுதுங்கள்.

கட்டுரையைத் திருத்தி அனுப்பும் நாளில் ஷ்ருதி லேப்டாப்பை என் பக்கம் திருப்பினாள். செய்முறைப் பகுதி திறந்திருந்தது.

"இந்த லைன் நீங்களே டைப் பண்ணுங்க மேடம்."

ஒரு விரலால் தட்டி எழுதினேன்: இந்த பஃபரில் இன்ஹிபிட்டர் சேர்க்கக் கூடாது. அவள் படித்துப் பார்த்தாள். பிறகு அந்த வரியை மட்டும் தடித்த எழுத்தாக மாற்றினாள்.