படுத்தால் வெளியே

போன வருடம் குற்றாலத்தில் சீசன் முடிந்து, வெளியூர்க் கூட்டமெல்லாம் கலைந்திருந்த நேரம். இலத்தூர் பக்கம் ஒரு மைதானத்தில் செவன்ஸ் கால்பந்துப் போட்டி நடந்தது. அணிக்கு ஏழு பேர் மட்டும் ஆடும் ஆட்டம் அது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் இதற்காக உயிரையே விடுவார்கள். அந்தப் பைத்தியம் செங்கோட்டை வழியாக எப்போதோ எங்களையும் பிடித்துவிட்டது.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தென்காசியில் லோடு ஆட்டோ ஓட்டுகிறேன். ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள டீக்கடையில் தினமும் கால்பந்துப் பேச்சுதான். அர்ஜென்டினா ரசிகர் ஒருவர், பிரேசில் ரசிகர் ஒருவர், இவர்கள் இரண்டு பேரையும் வெறுப்பேற்றவே போர்ச்சுகலைப் பிடித்துக்கொண்ட ஒருவர். தோள்பட்டை கொஞ்சம் முன்னால் இருந்தது என்று வீடியோவைப் பார்த்து ஒரு கோலை அழிப்பது நியாயமா என்று டீ ஆறும்வரை சண்டை நடக்கும். எல்லாரும் ஒத்துப்போவது ஒரே ஒரு விஷயத்தில்தான். இப்போதைய ஆட்டக்காரர்கள் விரல் பட்டாலே உருளுகிறார்கள். ஒரு கோல் முன்னால் இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் படுத்து நேரத்தைத் தின்கிறார்கள்.

அர்ஜென்டினா ரசிகர்தான் இலத்தூர்ப் போட்டியை நடத்திய கமிட்டியில் முக்கியமானவர். எங்களுக்கு அண்ணாச்சி. ஒருநாள் கடைக்குள் நுழைந்ததுமே சொன்னார்: "இந்தத் தடவ புது ரூலு. படுத்தா வெளிய. அடிபட்டுட்டுன்னு எவனாவது கீழ கெடந்தாம்னா அஞ்சு நிமிஷம் கோட்டுக்கு வெளிய உக்காரணும். பதிலுக்கு ஆளும் கெடையாது. எப்படி உருளுதானுவன்னு பாப்பம்."

"ஒங்க அர்ஜென்டினாக்காரன் வந்து ஆடுனா கோல்கீப்பர் மட்டுந்தான் மிஞ்சுவான் அண்ணாச்சி" என்றார் பிரேசில்காரர். கடையே சிரித்தது.

நான் மட்டும், "நெசமாவே அடிபட்டா என்ன செய்யதுக்கு?" என்று கேட்டேன்.

"ஏலே, நீ மழைக்கு முன்னாடியே வழுக்கி விழுதவன். பேசாம டீயக் குடி."

அதற்கும் சிரிப்புதான். என் பயந்த சுபாவம் எல்லாருக்கும் தெரியும். நானும் சிரித்துவிட்டேன்.

அரையிறுதி அன்று எல்லைக்கோட்டை ஒட்டி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கடையநல்லூர் அணியில் பின்வரிசையில் ஆடியவர் எனக்குப் பழக்கம். வளைகுடாவில் வேலை, லீவில் வந்திருந்தார். அவர் வீட்டுக்கு பீரோ ஏற்றிப் போனபோது, கட்டாயம் மேட்ச் பார்க்க வரணும் என்று கூப்பிட்டிருந்தார். அவருடைய அணி ஒரு கோல் முன்னால் இருந்தது. ஆட்டம் முடியப்போகிற சமயம். உயரமாக வந்த பந்துக்கு இரண்டு பேர் எழும்பினார்கள். எதிராளியின் முழங்கை இவர் நெற்றிப்பொட்டில் இறங்கியது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

இவர் ஒரு முழங்கால் தரையில் படக் குனிந்தார். உடனே எதிர்ப்பக்கத்துக் கூட்டம், "படுத்துட்டான், வெளிய அனுப்பு!" என்று கத்தியது. அவர் படுக்கவில்லை. கையை ஊன்றி எழுந்து நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற தன் அணிப் பையனிடம் கேட்டார்: "நம்ம போஸ்ட் எந்தப் பக்கம்லே?"

பையன் கேலி என்று நினைத்துச் சிரித்தான். நான் கோட்டைத் தாண்டி உள்ளே ஓடினேன்.

"சார், இவருக்குத் தலையில அடி. பக்கம் தெரியாம நிக்காரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவணும்."

நடுவர் புனலூர்க்காரர், பாதி மலையாளம்தான் பேசுவார். விசில் ஊதிவிட்டு அடிபட்டவரிடமே கேட்டார்: "ஓகே ஆணோ? வெளியே போறியா?"

அவர் தலையை ஆட்டி மறுத்தார். "ஒண்ணுமில்லண்ணே. நான் போனா ஆறு பேராயிரும். இன்னும் கொஞ்ச நேரந்தான."

அதற்குள் கூட்டம் என்மேல் பாய்ந்தது. "லோடு ஆட்டோ, வெளிய வாலே! நேரத்தக் கடத்த ஆள் வச்சிருக்கானுவ பாரு!" தண்ணீர் பாக்கெட் ஒன்று என் முதுகில் வந்து வெடித்தது. மைக்கில் அண்ணாச்சியின் குரல் வந்தது: "மைதானத்துக்குள் நுழைந்த நபர் உடனடியாக வெளியேறவும்." தினமும் என்னோடு டீ குடிக்கிறவருக்கு அந்த நேரம் நான் ஒரு நபர். வெளியே வந்துவிட்டேன்.

அதன்பிறகு நான் பந்தைப் பார்க்கவில்லை, அவரை மட்டுமே பார்த்தேன். பந்து அந்தக் கோடியில் இருந்தது, பக்கத்தில் ஒருவரும் இல்லை. அவர் மெதுவாக உட்கார்ந்தார். பிறகு படுத்தார்.

மைதானமே சிரித்தது. "இந்தா, ஆரம்பிச்சிட்டான் நடிப்ப!" "அவார்டு குடுங்கலே அவனுக்கு!" நடுவர் ஐந்து விரலைக் காட்டிக்கொண்டே ஓடி வந்தார். அப்போதுதான் கீழே கிடந்தவருடைய கால் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தது. சிரிப்பு ஒவ்வொரு பக்கமாக அடங்கியது.

என் வண்டியில்தான் ஏற்றினோம். அண்ணாச்சி பின்னால் ஏறி, அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டார். தென்காசி ஆஸ்பத்திரியிலிருந்து திருநெல்வேலிக்கு ஆம்புலன்ஸில் அனுப்பினார்கள்; நாங்களும் கூடவே போனோம். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். அங்கிருந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார். "அடிபட்டதும் ஏன் படுக்க வைக்கல?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். அவர் சட்டையெல்லாம் வாந்தி.

ஆபரேஷன் நடந்து உயிர் பிழைத்தார். ஆனால் வலது கை தூக்க வராது. பேச்சும் தேடித் தேடித்தான் வருகிறது. வளைகுடா வேலை போய்விட்டது. ஒருமுறை பார்க்கப் போனபோது டிவியில் மேட்ச் ஓடியது. எவனோ விழுந்து உருண்டான். இவர் வெகுநேரம் சொல்லைக் கூட்டிச் சேர்த்து, "அந்த ரூலு... சரிதாண்ணே. நடிக்கவனுக்கு... வேணும்" என்றார். யார்மேலும் அவருக்குக் கோபம் இல்லை. அவருடைய மனைவி சட்டென்று எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

இந்த வருடம் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். அண்ணாச்சி டீக்கடைக்கு வருகிறார். ரூல், நியாயம் என்று பேச்செடுத்தால் போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுகிறார். என் பயத்தை இப்போது யாரும் கேலி செய்வதில்லை. கேலி செய்தால்கூடப் பரவாயில்லை என்று இருக்கிறது. டிவியில் ஒருவன் விழுந்தால், கடையில் எல்லாரும் நடிப்பு என்று கத்தினாலும், அவன் எழுந்து நடக்கும்வரை நான் டீ கிளாஸைக் கையில் எடுப்பதில்லை. ஆயிரம் பேர் நடித்து என்னை ஏமாற்றிவிட்டுப் போகட்டும், நிஜமாகவே விழுந்த ஒருவனைப் பார்த்துச் சிரிக்கிற கூட்டத்தில் மட்டும் நான் இன்னொரு தடவை நிற்கக் கூடாது.