ஃபர்னிச்சர் விற்கும் வீட்டில் வேலை தேடியது

1. மேனேஜர் எட்டிப் பார்த்தார்

“நேத்து போன்ல பேசினது நீயா?”

“நான்தான் சார்” என்றேன். மேனேஜர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். கவுன் போட்ட ஆங்கிலோ இந்தியப் பெண் யாராவது வாசலில் நிற்கிறாளோ என்று அவருக்குச் சந்தேகம். அங்கே யாரும் இல்லை. நூல் சேலையும் எண்ணெய் வழியும் ஜடையுமாக நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் பம்ப்செட்டும் பைப்பும் விற்கும் ஒரு கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை காலி. அந்தக் காலத்தில் ஆபரேட்டர் என்றாலே ஆங்கிலோ இந்தியப் பெண்கள்தான். ஸ்ரீராம்புரத்துச் சந்திலிருந்து ஒருத்தி அந்த நாற்காலியைக் கேட்டு வந்தது மேனேஜருக்குச் சிரிப்பாகக்கூட இருந்திருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்று மாலைக்குள் வேலை கிடைத்தால் பெங்களூர், இல்லையென்றால் குடியாத்தம்.

2. டாஃப்னி வீட்டு அலமாரி

அப்பாவுக்கு மில் வேலை. மில்லில் ஒரு ஷிப்டை நிறுத்தினார்கள், அப்பாவும் வெளியே வந்தார். சில மாதம் கையிலிருந்ததை வைத்து ஓட்டினோம். பிறகு குடியாத்தத்தில் பெரியப்பாவின் தறிக்கே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டார். வீட்டுக்காரரிடமும் மாசக் கடைசியில் காலி பண்ணுகிறோம் என்று சொல்லியாகிவிட்டது. நான் ஸ்ரீராம்புரத்தில் பிறந்தவள். குடியாத்தத்தில் எனக்கு ஒரு தெருகூடத் தெரியாது. எனக்கு ஒரு வேலை கிடைத்தால் இங்கேயே இருப்போமா என்று கேட்டேன். கிடைக்கட்டும் பார்க்கலாம் என்றார். கிடைக்காது என்பது அவர் குரலிலேயே இருந்தது.

‘வான்டட்’ விளம்பரங்களை நானும் பார்த்தேன். பேப்பரைப் பார்த்துவிட்டுப் போய்ச் சேர்வதற்குள் கேட் வரைக்கும் கியூ நிற்கும். அந்த கியூவில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவளை யார் சீண்டுவார்கள்? போனேன், வந்தேன், கால் வலித்ததுதான் மிச்சம்.

அப்படி ஒருநாள் காக்ஸ் டவுன் பக்கம் நடந்து வரும்போது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. வீட்டுக்கு வீடு கேட்டில் அட்டை தொங்கியது: ‘ஃபர்னிச்சர் ஃபார் சேல்’. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறிக்கொண்டிருந்த சமயம். மற்றவர்கள் கட்டில் என்ன விலை, அலமாரி என்ன விலை என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். எனக்கு வேறொன்று தோன்றியது. ஊரை விட்டுப் போகிறவர்கள் வேலையையும் விட்டுவிட்டுத்தானே போவார்கள்? அந்த வேலை பேப்பருக்கு வருவதற்கு முன்னால் நான் போய் நின்றால் என்ன?

நாலாவது வீட்டில் டாஃப்னி இருந்தாள். நல்ல மனசு, வாய் நிறையச் சிரிப்பு. அலமாரி வேண்டுமா என்று கேட்டாள். அலமாரி வேண்டாம், நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். ஒரு நிமிஷம் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு விழுந்து விழுந்து சிரித்தாள். பம்ப் கம்பெனியில் ஆபரேட்டர், இன்னும் யாரையும் எடுக்கவில்லை என்றாள். கத்துக் கொடுப்பீர்களா என்று அங்கேயே கேட்டுவிட்டேன்.

“லெசன் ஃப்ரீ, மேன். ஆனா பேக்கிங் எல்லாம் நீ பண்ணணும்.”

அவள் கிளம்பும்வரை தினமும் போனேன். பீங்கான் தட்டுகளைப் பழைய பேப்பரில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பாள். டெலிபோன் போர்டில் எந்த லைனுக்கு எந்த பிளக், எக்ஸ்டென்ஷன் பிஸியாக இருந்தால் என்ன சொல்வது, யாரை எவ்வளவு நேரம் ஹோல்ட் பண்ணுவது என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவள் குரலையும் சேர்த்துக் கற்றுக்கொண்டேன். ‘குட் மார்னிங்’ என்று அவள் இழுக்கும் இழுப்பு எனக்கு அச்சு அசலாக வந்தது. அவள் அம்மாவே அடுத்த அறையிலிருந்து “யெஸ், டாஃப்னி?” என்று கேட்டிருக்கிறார் என்றால் பாருங்கள்.

அவர்கள் ரயிலேறிய மறுநாள் மருந்துக்கடை போனிலிருந்து மேனேஜரைக் கூப்பிட்டேன். டாஃப்னி சொல்லி அனுப்பினாள், வேலைக்கு வரட்டுமா என்று அதே குரலில் கேட்டேன். காலையில் வா என்றார். விடிந்தால் மாசக் கடைசி.

3. லைன் கட் ஆயிடுச்சு

மேனேஜர் முதலியார் பரம்பரையாகப் பெங்களூரில் இருப்பவர். கறாரான ஆள், ஆனால் கெட்டவர் இல்லை. ஆளைப் பார்த்து அனுப்பிவிடத்தான் நினைத்தார். நான் நகரவில்லை. போனில் யாரும் சேலையைப் பார்க்கப் போவதில்லை, ஒரு மணி நேரம் போர்டில் உட்கார வைத்துப் பாருங்கள் என்றேன். அவருக்கும் அவசரம். சிக்பேட்டை ஹார்டுவேர் வியாபாரி ஒருவர், மரியாதையாக ஷெட்ரு என்பார்கள், அன்று காலை பெரிய ஆர்டர் ஒன்றைப் போனில் சொல்வதாக ஆளனுப்பியிருந்தார். போர்டில் ஆள் இல்லை. சரி உட்கார் என்று பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

முதல் சில போன்கால்கள் நன்றாகவே போயின. மேனேஜர் தலையாட்டினார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அடுத்த போன்கால். பிளக்கைச் சொருகி, “குட் மார்னிங்” என்று டாஃப்னியாகவே இழுத்தேன். அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. “அய்யோ, மத்தே இங்கிலீஷம்மா” என்று கன்னடத்தில் ஒரு குரல், மறுபடியும் இங்கிலீஷ்காரியா என்று சலித்துக்கொண்டது. டொக்கென்று வைத்துவிட்டார்.

என்ன ஆயிற்று என்று மேனேஜர் கேட்டார். கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

“ஷெட்ரும்மா அது! டாஃப்னி தினமும் லைன் கட் ஆயிடுச்சு, லைன் கட் ஆயிடுச்சுன்னு சொல்லுவா. நானும் டெலிபோன்காரனைத் திட்டிட்டு இருந்தேன்.”

டாஃப்னிமேல் தப்பில்லை. அவளுக்குக் கன்னடம் தெரியாது. அந்தப் பக்கம் முணுமுணுப்பதெல்லாம் அவள் காதுக்கு இரைச்சல்தான். வேலை வாங்கித் தரும் என்று நம்பிப் படித்த குரல்தான் வேலைக்கு உலை வைத்துவிட்டது. எழுந்திரு, நானே பேசிக்கொள்கிறேன் என்று அவர் கையை நீட்டினார். முக்கியமான நம்பர்களைப் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அவர் கை வருவதற்குள் நான் டயலைச் சுற்றிவிட்டேன். அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“நமஸ்காரா ஷெட்ரே. பம்ப் கம்பெனியிந்த மாதாட்தா இதீனி. ஊட்டா ஆய்த்தா?”

எங்கள் சந்துக் குழாயடியில் பேசுகிற கன்னடம்தான். பம்ப் கம்பெனியிலிருந்து பேசுகிறேன், சாப்பிட்டாயிற்றா என்று கேட்டதும் மனிதர் மடை திறந்துவிட்டார். இத்தனை நாளாகப் போன் பண்ணினால் இங்கிலீஷ், ஆளை அனுப்பினால் அரை நாள் வீண், அதனால்தான் பாதிச் சரக்கைப் பக்கத்துத் தெருக் கம்பெனியில் வாங்கிக்கொண்டிருக்கிறேன் என்று ஒரே புலம்பல். நான் குறுக்கே பேசாமல் ‘ஹௌது ஹௌது’ என்று ஆமாம் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மூச்சு வாங்க நிறுத்தினார். இன்றைக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். ஒரு இஞ்ச் பைப், முக்கால் இஞ்ச் பைப், எல்போ, வால்வு என்று சொல்லிக்கொண்டே போனார். எழுதி, திருப்பிப் படித்துக் காட்டி, மேனேஜர் லைனில் போட்டுவிட்டேன்.

மேனேஜர் தன் அறைக்கு ஓடி, ரேட் பேசி முடித்துவிட்டு வந்தார். வேண்டுமென்றே முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டார்.

“டாஃப்னி மாதிரி பேசுவேன்னுதானே வந்தே?”

“அது அவங்க சரக்கு சார். இது என்னோடது.”

சிரித்துவிட்டார். இந்தச் சரக்கே போதும், நாளையிலிருந்து வந்துவிடு என்றார். இங்கிலீஷில் பேசுகிறவருக்கு இங்கிலீஷ், கன்னடத்துக்குக் கன்னடம், சிவாஜி நகர் சாயபுமார்களுக்கு உருது என்று அன்றே ஏற்பாடு ஆகிவிட்டது. உருதில் மட்டும் முதல் மாதம் திண்டாடினேன். அதை யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

4. பிள்ளைகளுக்கு

காலியாகப் போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய் நில்லுங்கள். அந்த வேலையை இப்போது பார்ப்பவரிடம் வெட்கப்படாமல் கேட்டுக் கற்றுக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் நான் சரியாகச் செய்தேன். மூன்றாவதைக் கோட்டைவிட்டேன். டாஃப்னி செய்வதை எல்லாம் கற்றேன், அவளால் எது முடியவில்லை என்று கேட்கவில்லை. சிக்பேட்டைக்கு ஒரு நடை போய் நாலு கடைக்காரர்களைக் கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள். அன்று ஷெட்ரு முணுமுணுக்காமல் போனை வைத்திருந்தால் நான் இந்நேரம் குடியாத்தத்தில் தறிக்கு நூல் சுற்றிக்கொண்டிருப்பேன். நீங்கள் அப்படி அதிர்ஷ்டத்தை நம்பிப் போகாதீர்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது அம்மா பாத்திரங்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். அப்பா நம்பவில்லை.

“இன்னா வேலை?”

“போன்ல பேசுற வேலைப்பா.”

“பேசுறதுக்கா சம்பளம் குடுக்கறான்?”

அம்மாவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வாயை மூடு, வாயை மூடு என்று இவளை எத்தனை அடி அடித்திருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா சட்டையை மாட்டினார். வீட்டுக்காரரிடம் போய், காலி பண்ணவில்லை என்று சொல்ல வேண்டும். வாசல் வரை போனவர் நின்றார், திரும்பி என்னைப் பார்த்தார்.

“நீயும் வாம்மா. நீயே பேசு.”